ஆர்.சி.க்குப் போக நினைக்கும் ரங்கூன் தம்பிக்கு

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ரங்கூனில் தமிழ் பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்தவர், வயது 34. பதினாறு வயதில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். மனைவியும் அதே சபை. ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். அப்பா சபையில் டீக்கன். ஒரு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் அந்தோனியார் கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். இப்போது ஞாயிறு பூசைக்கும் போய்ப் பின்வரிசையில் நிற்கிறார். கேள்விகள் மூன்று: ஆர்.சி.க்கு, அதாவது ரோமன் கத்தோலிக்கத் திருச்சபைக்கு, மாறினால் மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா, மாதாவை வணங்கியே ஆக வேண்டுமா, சபையில் நடந்த கல்யாணம் செல்லுமா. அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: "அப்பாவுக்கு இன்னும் தெரியாது."

மூன்று கேள்விக்கும் பதில் சுலபம். அந்தக் கடைசி வரிக்குத்தான் இவ்வளவு நீளம். இத்தனை வருஷமாக அப்பா கொடுத்தது எல்லாம் பொய் என்று ஆகிவிடுமா என்று நீங்கள் கேட்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் கோயில் பங்கில் 22 வருஷமாக உபதேசியார். வேறு சபைகளிலிருந்து வருகிறவர்களுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் வகுப்பு எடுப்பது என் வேலை. அம்மா மெதடிஸ்ட் வீட்டுப் பெண். அப்பாவைக் கட்டிக்கொண்ட பிறகு ஆர்.சி. ஆனவர். ஆகவே நான் நடுவில் நிற்கிறவன் இல்லை. நீங்கள் வந்தால் சந்தோஷப்படுகிற பக்கத்து ஆள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஞானஸ்நானம். எடுக்க வேண்டாம். வேண்டாம் என்பதைவிட, எடுக்கக் கூடாது என்பதே சரி. தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால், ஞானஸ்நானம் கொடுக்கும் எண்ணத்தோடு யார் கொடுத்திருந்தாலும் அது செல்லும். கொடுத்தது பாஸ்டரா பாதிரியாரா என்பது கணக்கில்லை. ஒருவருக்கு ஒருமுறைதான். பிரசங்க மேடைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் வெள்ளை உடுப்போடு இறங்கி முழுகி எழுந்தீர்களே, அன்றைக்கு நடந்ததைக் கத்தோலிக்கத் திருச்சபை உண்மையான திருமுழுக்கு என்றே ஏற்கிறது. நிஜமான சந்தேகம் இருந்தால் மட்டுமே நிபந்தனையோடு மறுபடி கொடுப்பார்கள்.

சான்றிதழ் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மூரில் யாரிடம்தான் இருக்கிறது? 1942இல் நடந்தே இந்தியாவுக்குப் போனவர்கள் விட்டுப்போனது கொஞ்சம், 1964க்குப் பிறகு கப்பலேறியவர்கள் விட்டுப்போனது கொஞ்சம், மிச்சத்தை 2008 மே மாதம் நர்கிஸ் புயல் நனைத்துவிட்டது. பயப்பட வேண்டாம். திருச்சபைச் சட்டம் 876 இதற்கு வழி சொல்கிறது: நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி போதும், விவரம் தெரிந்த வயதில் எடுத்தவர் என்றால் அவரே சத்தியம் செய்து சொன்னாலும் போதும். நீங்கள் பதினாறு வயதில் எடுத்தவர். உங்களுக்கு நீங்களே சாட்சி.

என் தவறு ஒன்றை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன் ஒரு வீட்டுச் சபையிலிருந்து ஒரு அக்கா வந்தார்கள். தண்ணீரில் முழுகினீர்களா என்று கேட்டேன், ஆமாம் என்றார்கள், எழுதிக்கொண்டேன். என்ன சொல்லி முழுக்கினார்கள் என்று கேட்கவில்லை. எல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து, டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள்: அந்தச் சபையில் இயேசுவின் நாமத்தில் மட்டும்தான் கொடுப்பார்கள், பிதாவையும் பரிசுத்த ஆவியையும் சொல்லவே மாட்டார்கள் என்று. எனக்குக் கையில் இருந்த கோப்பை ஆடியது. அப்படியானால் அது திருமுழுக்கே இல்லை; அதன்மேல் கட்டியது எதுவும் நிற்காது. பங்குச் சாமியிடம் போய்ச் சொல்லி, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். அந்த அக்கா அழுதது இன்றைக்கும் என் கணக்கில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் என் முதல் கேள்வி, என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதுதான். பாப்டிஸ்டில் திரித்துவ வாக்கியத்தைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். ஆனாலும் உங்கள் சபையில் நீங்கள் காதால் கேட்டது எது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

சரி, ஞானஸ்நானம் இல்லையென்றால் என்னதான் நடக்கும்? சில மாத வகுப்பு. பிறகு ஒரு பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடுவது. பிறகு பூசையில் எல்லார் முன்னாலும் விசுவாசப் பிரமாணம் சொல்லி, கூடவே ஒரு வாக்கியம். அதே பூசையில் உறுதிப்பூசுதலும் நற்கருணையும். முன்பெல்லாம் பழைய சபையின் தப்பறைகளை, அதாவது தவறான போதனைகளை, விட்டுவிட்டேன் என்று மறுத்துச் சொல்ல வைப்பார்கள். 1967லிருந்து அது கிடையாது. உங்கள் அப்பாவின் சபையைப் பற்றி ஒரு குறைச்சொல்கூட உங்கள் வாயிலிருந்து வராது, வரச் சொல்லி யாரும் கேட்கவும் கூடாது. யாராவது உற்சாகத்தில் "இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவர்" என்று உங்களைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போகாதீர்கள். எங்கள் பக்கத்திலும் அப்படி ஆட்கள் உண்டு.

அந்த ஒரு வாக்கியம் ஏறத்தாழ இப்படி வரும்: தூய கத்தோலிக்கத் திருச்சபை கடவுளால் வெளிப்படுத்தப்பட்டது என்று நம்பி, கற்பித்து, அறிவிக்கும் அனைத்தையும் நான் விசுவசித்து அறிக்கையிடுகிறேன். "அனைத்தையும்" என்ற சொல்லைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை கோயிலில் கிடைக்கும் அமைதிக்காக இதைச் சொல்ல முடியாது. அமைதி வேண்டுமானால் இப்போது போல வந்து உட்காருங்கள். யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள், நம்மூர் அந்தோனியாரிடம் வருகிற எல்லாரும் கிறிஸ்தவர்களா என்ன? சொல்வதென்றால் மனதறிந்து சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து பாதி வழியில் நின்றவர்கள் உண்டு. "அனைத்தையும்" அவர்கள் வாயில் வரவில்லை. அவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிர குறையவில்லை.

பாவசங்கீர்த்தனம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சபையிலிருந்து வருகிறவர்கள் ராத்திரி தூங்காமல் கிடப்பது இதற்குத்தான். ஞானஸ்நானத்துக்குப் பிறகான கனமான பாவங்கள், உங்களுக்குப் 18 வருஷத்துக்கானவை, நினைவுக்கு வருகிற அளவில் சொன்னால் போதும். டைரி எழுதிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒரு சின்ன எச்சரிக்கை, சிரிக்காதீர்கள்: பத்துக் கட்டளையின் எண்கள் நமக்குள் வேறு. விக்கிரகக் கட்டளையை நீங்கள் இரண்டாவது என்று தனியாக எண்ணுவீர்கள். நாங்கள் அதை முதலாவதோடு சேர்த்துவிட்டு, கடைசியில் இச்சிப்பதை இரண்டாகப் பிரிப்போம். ஆகவே உங்கள் ஏழாவது விபசாரம், எங்கள் ஏழாவது களவு. எண்ணைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லுங்கள்.

எண் மட்டுமா வேறு? தமிழே வேறு. கோட்பாட்டைவிட இதுதான் முதல் வருஷம் காலை இடறும். நீங்கள் தேவன், கர்த்தர், ஞானஸ்நானம், ஆராதனை என்று வளர்ந்தவர். இங்கே கடவுள், ஆண்டவர், திருமுழுக்கு, திருப்பலி. என் பாட்டி காலத்தில் சர்வேசுரன், சேசு. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும், அந்தத் தமிழையும் லுத்தரன்காரர்களையும் எதிர்த்து எங்கள் பக்கத்துப் பாதிரியார் வீரமாமுனிவர் நூலே எழுதினார். சண்டைக்கு முந்நூறு வயது ஆகிறது. ஒருவர் வாய் திறந்து ஜெபித்தால் இரண்டாவது வரியிலேயே எந்தப் பக்கத்து ஆள் என்று நமக்குத் தெரிந்துவிடும். 1995இல் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் கொண்டுவந்தார்கள். கோயிலில் வாசிப்பது அதுதான், ஆனால் உங்கள் காதுக்கு அது கொஞ்ச நாள் செய்தித்தாள் மாதிரி ஒலிக்கும். உங்கள் பழைய வேதாகமத்தைத் தூக்கிப் போடாதீர்கள், நானே வீட்டில் சங்கீதங்களை அதில்தான் படிக்கிறேன். அதில் இல்லாத தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, இரண்டு மக்கபேயர் நூல்கள், எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகள் மட்டும் சேரும். 66 புத்தகம் 73 ஆகும். சீராக்கை முதலில் படியுங்கள். உங்கள் அப்பாவுக்கே பிடிக்கும்.

பூசையில் நீங்கள் புதியவர் என்பதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. கர்த்தர் கற்பித்த ஜெபம். "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்று எல்லாரும் நிறுத்துவார்கள். நீங்கள் சின்ன வயதுப் பழக்கத்தில் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தனியாகப் போய்க்கொண்டே இருப்பீர்கள். முன்வரிசை திரும்பிப் பார்க்கும். எங்கள் அம்மாவுக்கு ஐம்பது வருஷம் கழித்தும் அது நடந்தது. ஆனால் கொஞ்சம் பொறுத்தால், நடுவில் சாமியார் ஒரு மன்றாட்டுச் சொல்லி முடித்ததும், சபை முழுக்க "ஆட்சியும் வல்லமையும் மாட்சியும் என்றென்றும் உமக்கே" என்று சொல்வதைக் கேட்பீர்கள். உங்கள் வரிதான், வேறு தமிழில்.

இனி மாதா. வாயில் வரவில்லை, விக்கிரக ஆராதனை போல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாயம் எது, பழக்கம் எது என்று பிரித்துக்கொண்டால் பாதி பாரம் இறங்கும். மரியா கடவுளின் தாய் என்பது 431இல் ஆயர்கள் கூடிய எபேசு சங்கம் சொன்னது. பாவமின்றிக் கருவானார் என்பது 1854இலும், உடலோடு விண்ணகத்துக்கு எடுக்கப்பட்டார் என்பது 1950இலும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டவை. இவை அந்த "அனைத்தையும்" என்ற சொல்லுக்குள் அடங்கும். தப்பிக்க முடியாது. பின்னிரண்டும் வேதத்தில் நேரடி வாக்கியமாக இல்லை என்று நீங்கள் சொன்னால், இல்லைதான் என்று ஒத்துக்கொள்வேன். திருச்சபைக்கு அப்படி அறிவிக்க அதிகாரம் உண்டா என்பதே உங்கள் மெய்யான கேள்வியாக இருக்கும். அதற்கு விடை கண்டால் மாதாவும் பாப்பரசரும் சேர்ந்தே தீர்ந்துவிடுவார்கள். ஆனால் ஜெபமாலை சொல்வது, சப்பரம் தூக்குவது, மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வது, பிப்ரவரியில் நியாங்லேபின் லூர்து மாதா கோயிலுக்குப் பஸ் பிடிப்பது எதுவும் கட்டாயம் இல்லை. லூர்து, பாத்திமா, வேளாங்கண்ணிக் காட்சிகளை நம்பித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. திருச்சபை ஏற்றுக்கொண்ட காட்சிகள்கூடத் தனி வெளிப்பாடு என்ற வகைதான். வீட்டில் சுரூபம் வைக்காமலே நல்ல கத்தோலிக்கராக இருக்கலாம். உங்கள் பக்கத்து வீட்டு ஆர்.சி. அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு விஷயம். அருள் நிறைந்த மரியே ஜெபத்தின் முதல் பாதி லூக்கா முதல் அதிகாரம். உங்கள் வேதாகமத்தில் "கிருபை பெற்றவளே, வாழ்க" என்று இருப்பதும் எலிசபெத்து சொல்வதும்தான். அந்தப் பாதியை மட்டும் சொல்லிப் பாருங்கள். அடுத்த பாதி தானாக வந்தால் வரட்டும்.

மீட்பு விசுவாசத்தாலா கிரியையாலா என்ற பழைய வழக்கு நீங்கள் நினைக்கிற அளவுக்கு இப்போது சூடாக இல்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் நீதிமானாக்கப்படுதல் குறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்ட்களும் அதோடு சேர்ந்தார்கள். பாப்டிஸ்ட்கள் சேரவில்லை. ஆகவே அப்பாவிடம் இதைத் துருப்புச் சீட்டாக வீசாதீர்கள்.

கல்யாணம் செல்லும். ஞானஸ்நானம் பெற்ற இரண்டு பேர் தங்கள் சபையில் செய்துகொண்ட முதல் திருமணம் எங்கள் பார்வையிலும் திருவருட்சாதனமே, அதாவது கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்கே. மறுபடி தாலி கட்ட வேண்டாம், மனைவி கூட வர வேண்டிய கட்டாயமும் இல்லை. இருவரில் யாருக்காவது முன்னால் ஒரு திருமணம் நடந்து முறிந்திருந்தால் மட்டும் முதல் நாளே சாமியாரிடம் சொல்லிவிட வேண்டும். அது மறைமாவட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும் காரியம், நான் வாய் வைக்கக் கூடாது. அரசாங்கத்தின் மதமாற்றச் சட்டம் 2015இல் வந்தது. சபையிலிருந்து வந்த யாரையும் நாங்கள் அந்தச் சட்டத்தின் மதமாற்றப் பதிவு வாரியத்துக்கு அனுப்பியதில்லை. ஆனால் நான் வக்கீல் இல்லை, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் யோசிக்காத இடம் பிள்ளைகள். பாப்டிஸ்ட் வழக்கப்படி இரண்டு பேருக்கும் இன்னும் ஞானஸ்நானம் ஆகியிருக்காது. நீங்கள் இந்தப் பக்கம் வந்த மறுநாளே யாராவது கேட்பார்கள், குழந்தைகளுக்கு எப்போது என்று. சட்டப்படி பெற்றோரில் ஒருவர் சம்மதித்தால் போதும். உங்கள் மனைவிக்கோ, தானாக விசுவசித்துக் கேட்காத குழந்தைக்குக் கொடுப்பது ஞானஸ்நானமே இல்லை. அவர் நாளெல்லாம் பாடுபட்டு வளர்க்கும் பிள்ளையை அவருக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினால், அந்த வீட்டில் பிறகு எந்த ஜெபமும் நிற்காது. கத்தோலிக்கத் தகப்பனுக்குப் பிள்ளைகளைத் தன் விசுவாசத்தில் வளர்க்கும் கடமை உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஏழு வயது நிரம்பினால் சட்டம் திருமுழுக்கு விஷயத்தில் பிள்ளையைப் பெரியவர் கணக்கில் வைக்கிறது, அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும். உங்கள் மூத்ததுக்கு இன்னும் ஒரே வருஷம். அந்த ஒரு வருஷத்தை மனைவியோடு பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். சில சாமியார்கள் இதைவிட அவசரப்படுத்துவார்கள்.

என்னவெல்லாம் குறையும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாற்பது நிமிஷப் பிரசங்கத்துக்குப் பழகிய காதுக்குப் பத்து நிமிஷம்தான் கிடைக்கும், அதிலும் பாதி அறிவிப்பாக இருக்கும். உங்கள் பாஸ்டருக்கு உங்கள் பிள்ளைகளின் பெயர் தெரியும். பங்குச் சாமிக்கு உங்கள் பெயர் தெரியவே ஒரு வருஷம் ஆகலாம். தமிழ்ப் பூசை எல்லா இடத்திலும் எல்லா ஞாயிறும் இல்லை. பர்மியத்தில் நிற்கப் பழக வேண்டும். பாட்டில் நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி அப்பா. பங்குச் சாமியிடம் போவதற்கு முன்னால் அவரிடம் சொல்லுங்கள். வெளியாள் யாராவது "உங்க பையன் ஆர்.சி.க்குப் போயிட்டானாமே" என்று சொல்லி அவர் அறியக் கூடாது. ஒருவேளை அவருக்கு இது உதவும்: இந்த மண்ணில் பாப்டிஸ்ட் சபையை நட்ட அதோனிராம் ஜட்சன், 1812இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறியபோது பாப்டிஸ்ட் அல்ல, குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் காங்கிரிகேஷனல் சபைக்காரர். கப்பலிலேயே ஞானஸ்நானத்தைப் பற்றி வேதத்தைத் துருவித் துருவிப் படித்து மனம் மாறி, கல்கத்தாவில் இறங்கி முழுக்கு எடுத்தார். அனுப்பிவைத்த சங்கத்தின் சம்பளத்தை இழந்தார், வளர்த்த சபையை நோகடித்தார். மறுவருஷம் ரங்கூன் வந்து சேர்ந்தார். மனச்சாட்சிக்காகச் சபை மாறிய ஒருவரின் வழியில்தான் உங்கள் அப்பாவும் நிற்கிறார். இதை வாதமாகச் சொல்லாதீர்கள். ஜட்சன் எந்தப் பக்கம் போனார் என்று அவர் திருப்பிக் கேட்பார், கேட்பது நியாயமும்கூட. நீங்கள் விளையாட்டாக இதைச் செய்யவில்லை என்பதற்கு ஒரு சாட்சியாகச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் இனிப்புத் தடவாமல் சொல்லிவிட வேண்டும். சேர்ந்த பிறகும் கிறிஸ்துமஸுக்கு, ஈஸ்டருக்கு, அப்பா ஜெபிக்கும் நாளுக்கு அந்தச் சபையில் போய் உட்காரலாம், பாடலாம், ஜெபிக்கலாம். கர்த்தருடைய பந்தியில் மட்டும் கை நீட்டக் கூடாது. இன்றைக்கு எங்கள் பூசையில் நீங்கள் நற்கருணை வாங்காமல் பின்வரிசையில் நிற்கிறீர்களே, அதே நிலைதான் அங்கே வரும். சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டை டீக்கன்கள் வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். உங்கள் வரிசைக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு வருவது பெரும்பாலும் அப்பாவாகத்தான் இருக்கும். நீங்கள் எடுக்காமல் பக்கத்து ஆளுக்குத் தள்ளுவீர்கள். அந்த ஞாயிறு எப்படி இருக்கும் என்று அவரிடம் பேசப் போகும் முன் ஒருமுறை மனதுக்குள் உட்கார்ந்து பாருங்கள். அதைப் பற்றியும் அவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தட்டு நீட்டிய கையோடு அவர் தெரிந்துகொள்ள வேண்டாம்.